வாய்க்கட்டு

"என்ன ஆனாலும் அதைப் பேச மட்டும் விடாதீங்க!" என்றாள் முதலாளியம்மா, மாடி அறையின் வாசலில் நின்றபடி. "வாயைத் திறந்தா பொய்தான் வரும். எத்தனை கெட்டிக்காரனையும் மயக்கிடும்."

"பேச விடுறதா? அதோட பேச எனக்கு ஒண்ணுமில்லைம்மா. தள்ளி நில்லுங்க" என்று சீறினார் உப்புக்காரர்.

ஊரில் யாருக்குப் பேய் பிடித்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு பை கல் உப்பும் இரண்டு கைகளும்தான் அவருடைய ஆயுதம். பெயரும் அப்படி வந்ததுதான். பிடித்திருப்பது எதுவானாலும், முதலில் 'யாரு நீ, உனக்கு என்ன குறை?' என்று விசாரிப்பார். பாதிப் பேய்கள் நாலு வார்த்தை ஆறுதலாகச் சொன்னாலே போய்விடும் என்பார்.

இன்று ஆறுதல் சொல்லும் நிலையில் அவர் இல்லை.

மூன்று வாரத்துக்கு முன்பு முதலாளியின் தையல் கம்பெனியில் தீப்பிடித்தது. பேக்கிங் அறையின் கதவு வெளியே பூட்டியிருந்தது. உள்ளே பதினோரு பெண்கள். லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த உப்புக்காரரின் தங்கையும் அதில் ஒருத்தி. அப்பா அம்மா போன பிறகு அவரே தலை பின்னிவிட்டு, ஸ்கூலுக்கு அனுப்பி, காய்ச்சலுக்குக் கண்விழித்து வளர்த்த ஒரே தங்கை.

இன்று காலை முதலாளியம்மா அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"எங்க வீட்டுக்காரர் மேல தப்பில்லைங்க. தீப்பிடிச்சதுக்கு முதல் நாளே ஏதோ ஒண்ணு அவர் மேல ஏறிடுச்சு. கதவைப் பூட்டச் சொன்னது அதுதான். இன்னும் அவரை விடாம ஆட்டி வைக்குது."

"செய்யறதையெல்லாம் செஞ்சுட்டுப் பேய் மேல பழி போடுறீங்களா?" என்று எரிந்து விழுந்தார்.

"நீங்களே வந்து பாருங்க. இல்லைன்னு தோணினா என் மூஞ்சியில காறித் துப்புங்க."

வந்து பார்த்தார். அறைக்குள் கால் வைத்ததுமே கைமயிர் சிலிர்த்தது. பொய்யில்லை. உள்ளே ஏதோ இருந்தது.

நாற்காலியோடு சேர்த்து முதலாளியைக் கட்டிப் போட்டிருந்தார்கள். வாயில் துண்டு திணித்திருந்தது. உப்புக்காரரைக் கண்டதும் அந்த உடம்பு துள்ளியது. நாற்காலிக் கால்கள் தரையில் தடதடத்தன.

"பார்த்தீங்களா, உங்களைப் பார்த்ததும் எப்படிப் பயப்படுது!" என்றான் முதலாளியின் தம்பி.

உப்புக்காரர் நாற்காலியைச் சுற்றி உப்பைக் கொட்டினார். முதலாளியின் மணிக்கட்டுகளை இறுக்கிப் பிடித்தார். நெருப்பாய்ச் சுட்டது. கையை எடுக்கவில்லை.

"பதினோரு பேரு!" தொண்டை கிழியக் கத்தினார். "ஒருத்தி கழுத்துல தாலி ஏறி நாலு மாசம். ஒருத்தி பிள்ளைத்தாச்சி. என் தங்கச்சி கதவைத் தட்டித் தட்டியே விரல் நகமெல்லாம் பிஞ்சு செத்திருக்கா. பூட்டிட்டு வேடிக்கை பார்த்தியா? உனக்குக் குளிர் காய எங்க பொண்ணுங்கதான் கிடைச்சாங்களா?"

துண்டுக்குள்ளிருந்து "ம்... ம்..." என்று முனகல் வந்தது. தலை இடமும் வலமுமாக ஆடியது. கண்களிலிருந்து தண்ணீர் தாரை தாரையாய்க் கொட்டியது.

"அழுவுறியா? யாருகிட்ட நடிக்கிறே!"

பேய் ஓட்டுவதில் இரண்டு வழி உண்டு. ஒன்று, போக வேண்டிய இடத்துக்கு அனுப்பி வைப்பது. இன்னொன்று, எங்கேயும் போக முடியாமல் அடியோடு அழித்துவிடுவது. இரண்டாவதை அவர் எந்தப் பேய்க்கும் செய்ததில்லை. அது பாவம் என்று நினைப்பவர்.

"நீ எங்கேயும் போகக்கூடாது. இல்லாமலே போகணும்" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

உப்பை அள்ளி நெற்றியில் வைத்து அழுத்தினார். உடம்பு வில்லாய் வளைந்தது. மறுபடி அழுத்தினார். உள்ளே இருந்தது தப்பிக்கப் பார்க்கவில்லை, எதிர்க்கவுமில்லை. அவருடைய விரல்களை மட்டும் கெட்டியாகப் பற்றிக்கொண்டது. அருவருப்போடு உதறிவிட்டு மூன்றாம் முறை அழுத்தினார்.

மணிக்கட்டின் சூடு சட்டென்று இறங்கியது. முதலாளியின் தலை தொங்கியது.

"தீர்ந்துது" என்றார். மூன்று வாரத்தில் முதல் முறையாக நெஞ்சு நிறைய மூச்சு விட்டார்.

முதலாளியம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே..."

"உங்களுக்காகச் செய்யலை. என் தங்கச்சிக்காகச் செஞ்சேன்."

வெளியே வந்து கதவைச் சாத்தினார். நாலு படி இறங்கினார். உப்புப் பையின் வாயைக் கட்ட மாடிப்படியில் உட்கார்ந்தார்.

மேலே முதலாளி இருமும் சத்தம் கேட்டது. பிறகு அவருடைய சொந்தக் குரல்.

"டேய், அந்தக் காகிதம் எங்கேடா? கதவைப் பூட்டச் சொன்னது நான்தான்னு என் கையாலேயே எழுத வெச்சுட்டாளே, பாவி!"

"ஸ்டேஷன் வாசல்லேயே உங்ககிட்டருந்து பிடுங்கிட்டேண்ணே. எரிச்சாச்சு."

"மறுபடி ஏறிட்டான்னா?"

முதலாளியம்மா சிரித்தாள்.

"எங்கேருந்துங்க வருவா? அடியோட அழிச்சது அவளோட கூடப்பிறந்தவன் கையாச்சே! அந்தத் துண்டு மட்டும் கொஞ்சம் நழுவியிருந்தா, 'அண்ணா'ன்னு கூப்பிட்டுக் காரியத்தையே கெடுத்திருப்பா."