அசல் ஜெயித்த வழக்கு

தகரம் அதிரும் சத்தம்தான் முதலில் கேட்டது. கிடங்கு அலமாரியில் ஒரு படப்பெட்டி கோபத்தில் குதித்துக்கொண்டிருந்தது. ஒரு பழைய படத்தின் மிஞ்சிய ஒரே பிரதி அதற்குள் இருந்தது. பக்கத்துப் பெட்டியில் அதைப் பார்த்து எடுத்த படம். இரண்டுக்கும் வழக்கு நடந்தது.

"காட்சிக்குக் காட்சி என்னைத் திருடினவன்தானே நீ?" என்றது அசல்.

"திருடினேன்தான் அண்ணே. ஆனா ஊர் ஊராப் போய் ஓடுறேன். நீங்களும் அப்பப்ப வெளிய வந்து காத்து வாங்குங்க. இல்லேன்னா படச்சுருள் ஒட்டிக்கும்."

"திறந்தா இன்னொருத்தன் திருடுவான். போடா போலிப்பயலே!"

அசல் ஜெயித்தது. நகலின் எல்லாப் பிரதிகளையும் எரிக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது.

தூக்கிப் போகும்போது நகல் சொன்னது: "அண்ணே, உங்க கடைசிக் காட்சி இருக்கே, அதை அழுதுகிட்டேதான் காப்பியடிச்சேன்."

அசல் தன் மூடியை இன்னும் இறுக்கிக்கொண்டது.

பல வருஷம் கழித்து, அசலைத் திரையிட ஆட்கள் வந்தார்கள். மூடியைத் திறந்ததும் புளித்த வாடை அடித்தது. சுருள்கள் எல்லாம் ஒட்டி, மழையில் நனைந்த வெல்லம் மாதிரி கிடந்தன.

"இந்தக் கதையை வேற எதுலயாவது பார்க்க முடியுமா?" என்று ஒருவர் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை.

"அந்தப் பயல்கிட்ட இருந்துச்சு," என்றது அசல், மேசைமேல் இருந்த சுருள் சுற்றும் சக்கரத்திடம். "ஒரு காட்சி விடாம வச்சிருந்தான்."

சக்கரத்தில் வேறொரு படத்தின் சுருள் பாதியில் நின்றிருந்தது. சக்கரம் அதைச் சுற்ற ஆரம்பித்தது.