எதிரே வந்த எல்இடி

எதிரே நடந்து வந்த இரண்டு பேர் நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனார்கள். செயலாளர் ஸ்கூட்டரில் இருந்தபடியே தலையை அசைத்து வணக்கத்தை ஏற்றுக்கொண்டார். குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் ஆனதிலிருந்து ஒரு வணக்கத்தையும் அவர் வீணாக விட்டதில்லை.

ஆனால் இன்றைக்கு முகத்தில் சிரிப்பு இல்லை. இருட்டத் தொடங்கிவிட்டது. மெக்கானிக் கடையைச் சாத்துவதற்குள் போயாக வேண்டும்.

“வாங்க சார்!” மெக்கானிக் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே எழுந்தான். “சர்வீஸ் பண்ணி மூணு வாரம் ஆச்சே, வண்டி எப்படி ஓடுது? ரோடு நல்லாத் தெரியுதா?”

“எல்லாம் தெரியுது, அதை விடு. நம்ம ஏரியாவுல யார் யார் வண்டிக்கு நீ எல்இடி லைட் மாட்டி விட்டே? அதைச் சொல்லு மொதல்ல.”

“ஏன் சார், என்ன ஆச்சு?”

“என் பொண்டாட்டி கை உடைஞ்சு கிடக்காய்யா! இன்னும் என்ன ஆகணும்?”

ஐந்து நாளைக்கு முந்தைய கதை அது. அன்று அவர் வேலை முடிந்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் எங்கே போய்த் தொலைந்தாளோ என்று அலுத்துக்கொண்டு சாவியைத் தேடியபோதுதான் போன் வந்தது. காய் வாங்கக் கிளம்பியவள், எதிரே வந்த ஸ்கூட்டர் வெளிச்சத்தில் கண் கூசி, கால் தடுமாறித் திறந்த சாக்கடைக்குள் விழுந்திருந்தாள்.

வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்துவிட்டது. அவள் தலைமுடியில் அப்பியிருந்த கறுப்புச் சேற்றை மூன்று வாளித் தண்ணீர் ஊற்றி அவர்தான் கழுவிவிட்டார். அந்த அழுகல் நாற்றம் இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை. அதைவிட, விழுந்தவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனவனை நினைத்தால்தான் அவருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

“எதிர்ல வர்றவங்க கண்ணைப் பிடுங்கறதுக்கு ஒரு லைட்டு! த்தூ! மனுஷ ஜென்மமா அவன்?”

“பல்ப் மேல தப்பில்ல சார். எல்இடி மாட்டினா ஹெட்லைட்டைக் கொஞ்சம் கீழே இறக்கி வைக்கணும். இல்லன்னா நேரா எதிராளி மூஞ்சியிலதான் அடிக்கும். அஞ்சு நிமிஷ வேலை. அதுக்குள்ள எல்லாரும் நேரமாச்சு நேரமாச்சுன்னு வண்டியைப் பிடுங்கிட்டுப் போயிடறாங்க.”

“பாடம் நடத்தாதே. ஆளைச் சொல்லு.”

“உங்க சங்கக் கட்டடத்துல கடை வெச்சிருக்காரே டெய்லர், அவர் வண்டிக்கு மாட்டினேன். அப்புறம்...”

“அவனா!”

டெய்லர் நூல் நுனியை எச்சில் தொட்டு ஊசியில் கோப்பதை ஒருநாள் பார்த்துவிட்டு, அன்றோடு அங்கே சட்டை தைக்கக் கொடுப்பதை நிறுத்தியவர் செயலாளர். அவருக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

“இன்னும் இருக்கு சார், முழுசாக் கேட்டுட்டுப் போங்க!” என்று மெக்கானிக் கத்தினான். வண்டி தெருமுனையைத் தாண்டிவிட்டது.

டெய்லர் மெஷினில் குனிந்திருந்தார். செயலாளர் படியேறிய வேகத்தில் டெய்லருடைய கால் மிதிப்பதை நிறுத்தியது.

“எந்திரி. கடைச் சாவியை எடு.”

“என்ன சார், என்ன தப்பு பண்ணேன்?”

“ஒரு பொம்பளையைச் சாக்கடையில தள்ளிட்டுத் திரும்பிப் பார்க்காம போறவனுக்குச் சங்கத்து இடத்துல கடை கிடையாது. நாளைக்கே காலி பண்ணு.”

“ஐயோ, சத்தியமா நான் இல்ல சார்! விளக்கு வெச்சப்புறம் ரெண்டு மணி நேரம் நான் இந்த மெஷினை விட்டு நகர்றதே இல்ல. இந்தக் கடை போயிட்டா என் பிள்ளைங்க சோத்துக்கு எங்க சார் போகும்?”

“வா. வந்து இதை அவ மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு.”

வீட்டில் மனைவி மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். டெய்லர் உள்ளே வரத் துணியாமல் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். கழுத்தில் அளவெடுக்கும் டேப் அப்படியே தொங்கியது.

“இதோ நிக்கறான் பார். இவன்தான்னு ஒரு வார்த்தை சொல்லு. மெஷினைத் தூக்கித் தெருவுல வெச்சுடறேன்.”

“வேண்டாங்க. விட்டுடுங்க.”

“அஞ்சு நாளா இதையே சொல்றே! சாக்கடைத் தண்ணியைக் குடிச்சவ நீ. உனக்குக் கொஞ்சமாவது ரோஷம் வர வேண்டாமா?”

டெய்லர் கைகளைக் கூப்பினார். “நான் இல்லம்மா. நீங்களாவது சொல்லுங்கம்மா.”

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு கணவர் கையில் இருந்த கடைச் சாவியைப் பார்த்தாள்.

“அவர் இல்லைங்க. சாவியைக் கொடுத்துடுங்க.”

“அப்போ ஆளைப் பார்த்திருக்கே!” செயலாளருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. “தெரிஞ்சே மூடி மறைச்சியா? யாரு அது? விழுந்தவளை என்ன ஏதுன்னுகூடக் கேட்காம போனானே, அந்தக் கேடுகெட்ட நாய் யாரு?”

அவள் கண் கலங்கிவிட்டது. சொல்லக் கூடாது என்றுதான் இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

“சாக்கடைக்குள்ள கிடந்து கத்திக் கத்திக் கூப்பிட்டேங்க, நீங்கதான் காதுல வாங்காம வண்டியை வீட்டுக்கு விட்டுட்டீங்க.”