கூரைத் துணி

"என்னய்யா துரைராஜ், நீ பூசுறது பசையா, வடிச்ச கஞ்சியா?"

தென்றல் நகர் நலச் சங்கத்தின் வாசலில் நின்று செயலாளர் ஏகநாதன் கத்தினார். சங்கத்தின் சவ வண்டி பின்கதவு திறந்து நின்றது. உள்ளே கூரையில் ஒட்டித் தைத்திருந்த துணி மறுபடியும் அவிழ்ந்து, சினை எருமையின் வயிறுபோலத் தொங்கிக்கொண்டிருந்தது.

"வெயில் சார். தகடு காய்ஞ்சா பசை இளகிடுது" என்றான் துரைராஜ். மேற்குத் தாம்பரத்தில் சீட் கவர் கடை வைத்திருப்பவன்.

"ஊர்ல மத்த வண்டிக்கெல்லாம் நிலாவா காயுது? நம்ம நகர்ல ஒரு சாவு விழுந்தா, படுத்திருக்கறவர் மூஞ்சியில இந்தத் துணி இடிக்கும். மெம்பர்ஸ் என் மூஞ்சியில துப்புவாங்க."

"என் கைவேலை சரியில்லைன்னே வெச்சுக்குங்க சார். ராத்திரிக்குள்ள முடிச்சு அனுப்பிடறேன்."

"உன் கைவேலை லட்சணத்தை நான் கார் வெச்சிருக்கிற எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். இனி இந்த நகர்லேருந்து ஒருத்தன் உன் கடைப்படி ஏறமாட்டான்."

துரைராஜ் தலையைக் குனிந்துகொண்டான். டிரைவர் குப்பன் சாவிக்குக் கையை நீட்டினான்.

வண்டிச் சாவி செயலாளரின் பையிலேயே இருப்பது. அவர் எடுத்துக் கொடுத்தால்தான் வண்டி நகரும். கொடுத்தார். செத்தவர் படுக்கும் வண்டிக்குள் தலையை நீட்டிப் பார்க்க அவருக்கு ஒருநாளும் மனம் வந்ததில்லை. வெளியில் நின்றபடியே திட்டித் தீர்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

வீட்டில் மனைவி செல்லியம்மாள் கண்ணைத் துடைத்தபடி நின்றிருந்தாள்.

"நம்ம ஞானம்மா விடிகாலையில போய்ட்டாளாம். அவ பொண்ணு கிருபா சொல்லி அனுப்பியிருக்கா. வண்டியைக் குடுங்க."

ஞானம்மாள் அந்த வீட்டில் பல வருடமாகப் பாத்திரம் தேய்த்தவள். ஏரிக்கரைக் காலனியைச் சேர்ந்தவள்.

"சந்தா கட்டுற மெம்பர்களுக்கு மட்டும்தான் வண்டி. ரூல் போட்டதே நான்."

"நான் படுத்த படுக்கையாக் கெடந்தப்போ என்னைத் தூக்கி உட்கார வெச்சவ அவ."

"அதுக்கு? இன்னிக்கு அவளுக்குக் குடுத்தா நாளைக்குக் காலனியே வரிசையில நிக்கும். அப்புறம் நம்ம ஜனங்க அந்த வண்டியில ஏத்துவாங்களா? அவங்களுக்கு மீன் கூடை ஏத்துற மீன்பாடி வண்டிதானே பழக்கம்." சற்று நிறுத்தி, "தவிர, நம்ம வண்டி ரிப்பேருக்குப் போயிருக்கு" என்றார்.

கிருபாவிடம் இல்லை என்று தம் வாயால் சொல்லவேண்டிய சங்கடத்தைத் துரைராஜின் பசை மிச்சப்படுத்திவிட்டது. அந்த அளவில் அவருக்கு அவன்மேல் கோபம்கூடக் குறைந்தது.

மாலையில், மனைவியின் நச்சரிப்புத் தாங்காமல், ஒரு ரோஜா மாலையுடன் ஏரிக்கரையேறி இறங்கினார்.

கிருபாவின் குடிசை வாசலில் சங்கத்து வண்டி நின்றுகொண்டிருந்தது.

ஞானம்மாளை ஏற்றியாகிவிட்டது. துணி தைக்கப்படவில்லை. அது அவள் முகத்தில் படாதபடி, துரைராஜ் உள்ளே குனிந்து நின்று, இரண்டு கைகளாலும் தாங்கிப் பிடித்திருந்தான்.

ஏகநாதன் முதல் முறையாக உள்ளே தலையை நீட்டினார். பசை இளகவில்லை. ஓரத்துத் தையல் நெடுகப் பிளேடால் அறுக்கப்பட்டிருந்தது. முன்பு துணி தொங்கிய நாட்களை நினைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றும் காலனியில் சாவு விழுந்த நாள். அறுப்பவன் குப்பன். கெட்ட பெயர் வாங்கிக்கொள்பவன் துரைராஜ். ரிப்பேர் என்று கிளம்பும் வண்டி முதலில் இங்கே வரும். அடக்கம் முடிந்த பிறகே கடைக்குப் போகும்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த குப்பனின் முகம் வெளிறியது. "சார்... வந்து..."

அதற்குள் கிருபா ஓடிவந்து ஏகநாதனின் காலில் விழுந்தாள்.

"நீங்க அனுப்பின வண்டியா சார்? இன்னா கேட்டாலும் இந்தக் குப்பண்ணன் வாயே தொறக்கல சார்! எங்கம்மாவ மீன்பாடி வண்டியில மடக்கிப் போட்டுகினு போவணுமேன்னு அழுதுகினு இருந்தேன் சார்!"

கூடியிருந்தவர்கள் கைகூப்பினார்கள். ஒரு கிழவர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

ஏகநாதன் தொண்டையைச் செருமினார்.

"எங்க வீட்டுல உழைச்ச பொம்பளை. நான் அனுப்பாம வேற யார் அனுப்புவா?"

மாலையை ஞானம்மாளின் காலடியில் வைத்தார். குப்பன் இறங்கி வந்து, பிறர் காதில் விழாதபடி சொன்னான்:

"முன்னாடியே உங்களாண்ட கேட்டிருக்கலாம் சார். உங்க மனசு தெரியாம திருட்டுத்தனம் பண்ணிகினு இருந்தோம்."

"எங்கப்பாவும் மீன்பாடி வண்டியிலதான் போனார் சார்" என்றான் துரைராஜ். துணியைத் தாங்கிய கைகளை இறக்க முடியாமல், கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

ஏகநாதன் இருவரையும் பார்த்துத் தலையசைத்தார்.

மறுநாள் காலை குப்பனிடமிருந்து சாவி வாங்கப்பட்டது. பிறகு அது அவன் கைக்குத் திரும்பவில்லை. வண்டி பல்லாவரத்தில் வேறொரு கடைக்குப் போயிற்று. புதுக் கடைக்காரன் வேலை வெகு சுத்தம் என்று சங்கக் கூட்டத்தில் கைதட்டினார்கள்.

காலனியில் சாவுகள் விழுந்துகொண்டுதான் இருந்தன. அந்தத் துணி மட்டும் அதன் பிறகு ஒரு தடவைகூடத் தொங்கவில்லை.