சங்கவி மூடி

சங்கவி தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தபோது தெருவே அதை விதி என்றது. குழந்தை மரணங்களை ஆராயும் குழுவிலிருந்து வந்த மருத்துவர் மட்டும் தொட்டியருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "இது மேல என்ன போட்டு மூடியிருந்தீங்க?" என்று கேட்டார். தாய் செல்வராணி பழைய தகரத்தைக் காட்டினாள். அவர் யாரையும் திட்டவில்லை. தகரத்தை ஒரு விரலால் தள்ளினார், நகர்ந்தது.

குழு சொன்னபடி, கீலும் பூட்டும் வைத்த இரும்பு மூடி முதலில் அந்த வீட்டுக்குத்தான் வந்தது. பிறகு ஊரெங்கும் போட்டார்கள். சங்கவி வீட்டு மூடி என்று கேட்டு வாங்கியவர்கள் போகப்போகச் சங்கவி மூடி என்றார்கள். அதன்பின் எந்தப் பிள்ளையும் தொட்டியில் விழவில்லை.

இன்று தன் வீட்டு மூடிக்குப் புதுப் பூட்டு வாங்க, அந்த மூடிகளைச் செய்யும் வெல்டிங் பட்டறைக்குப் போயிருந்தாள் செல்வராணி. இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி மூடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சங்கவின்னா என்னங்க, கம்பெனி பேரா?"

"அப்படித்தான் இருக்கும்," என்றான் புதிதாக வேலைக்கு வந்த வெல்டர்.

தரையில் கிடந்த மூடியின்மேல் செல்வராணி ஏறி நின்றாள்.

"நீயும் புள்ளையோட ஏறும்மா. எம் பொண்ணு தாங்குவா."