கரண்ட் போன நேரம்

“உங்க தறியை ஒரு பத்து நிமிஷம் நிறுத்தினா என்னங்க?”

அக்சிலியா கத்தித்தான் கேட்டாள். அந்தத் தெருவில் கத்தாமல் பேசினால் எதிரில் நிற்பவருக்கு உதடு அசைவது மட்டும்தான் தெரியும்.

தறிப்பட்டறை வாசலில் நின்ற மாரியப்பன் காதில் கையை வைத்துக் குனிந்தார். விஷயம் புரிந்ததும் நிமிர்ந்துவிட்டார்.

“என் தறிய நிறுத்தினா பக்கத்துப் பட்டறை ஓடும் அம்மிணி. அதை நிறுத்தினா எதிர்ப்பட்டறை ஓடும். தெருவையே நிறுத்தறதுக்கு நான் என்ன கரண்ட் ஆபீசா?”

“நீங்க சொன்னா மத்தவங்களும் கேப்பாங்கன்னு மஞ்சுளாக்கா சொன்னாங்க...”

“ஓஹோ. எம்பட தறிய உட்டுப்போட்டு எதிர்ப்பட்டறைக்குப் போனவளுக்கு இப்ப நான் வேணுமாக்கும்? இங்க மீட்டர் கணக்குலதான் கூலி. தறி நின்னா ஓட்டறவனுக்குக் கூலியும் நிக்கும். போங்க, போய் வேலையப் பாருங்க.”

சேலத்தில் ஓர் இணைய வானொலியில் அக்சிலியாவுக்கு வேலை. ஊர் ஊராகப் போய் அங்கங்கே பாடுகிற பாட்டைப் பதிவு செய்து வரவேண்டும். எடப்பாடிப் பக்கத்து இந்தத் தெருவுக்கு இது இரண்டாவது பயணம். முதல் முறை கொண்டுபோனதைக் கேட்டுவிட்டு மேலதிகாரி ஜூட் சிரித்தார்.

“கும்மி எங்கம்மா? தறிதான் பாடுது. நாளைச் சாயங்காலத்துக்குள்ள சுத்தமா கொண்டுவந்தா பொங்கலுக்கு இவங்க பாட்டு. இல்லேன்னா வேற ஊர்.”

அவர் சொன்ன அந்த ‘நாளை’ இன்றுதான்.

அக்சிலியா மஞ்சுளாவின் வீட்டுக்குத் திரும்பினாள். முன்னறையில் கும்மிப் பெண்கள் வட்டமாக நின்றிருந்தார்கள். எல்லோரும் தறி ஓட்டுகிறவர்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்திருந்தார்கள். அவர்களுடைய தறிகளையும் பக்கத்துத் தறிக்காரர்கள் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“என்னங்க சொன்னாரு?”

“முடியாதுன்னுட்டார்.”

“கல்லுல நாரு உரிக்கப் போனீங்களாக்கும்” என்றாள் மஞ்சுளா. “அவரு சொன்னாத் தெருவே கேக்கும், ஆனாச் சொல்லமாட்டாருன்னு நாந்தான் அப்பவே சொன்னனே.”

“வேற எங்கயாவது போய்ப் பாடலாமா?”

“தறிச்சத்தம் கேக்காத எடத்துக்குப் போகோணும்னா பஸ் ஏறோணுங்க. அதுக்குள்ள சாப்பாட்டு நேரம் முடிஞ்சிரும்.”

“அப்ப உட்டுரலாங்க்கா” என்றாள் வட்டத்தில் நின்ற அனிதா. “அடுத்த வருசம் பாத்துக்கலாம்.”

“உடறதா? எங்கூட்டுக்காரரு வடக்க ஆழ்குழாய்க் கெணறு தோண்டற போர் வண்டியில கெடக்கறாரு. பொங்கலுக்கு வரமுடியலைன்னுட்டாரு. இந்தத் தெருவுல பாதி ஊட்டுல இதே கதைதான். நாங்க பாடறது உங்க போனுக்கே வரும், கேளுங்கன்னு சொல்லிப்போட்டேன். தறி கத்தட்டும். அதுக்கும் மேல நாம கத்துவோம். நீங்க மிஷினை வைங்க.”

அக்சிலியா மின்விசிறியை நிறுத்தினாள். ஜன்னலைச் சாத்தினாள். பிரயோசனமில்லை என்று தெரியும். ஆனால் வெறுங்கையோடு பஸ் ஏறுவதில்லை என்று அவளும் முடிவு செய்திருந்தாள்.

முதல் தடவை, பாட்டு தறிச்சத்தத்தில் மூழ்கிப்போனது. இரண்டாவது தடவை உரக்கப் பாடியதில் அனிதாவுக்கு இருமல் வந்தது.

“தண்ணியக் குடி. மறுபடியும் மொதல்ல இருந்து” என்றாள் மஞ்சுளா.

அப்போதுதான் சத்தம் கொஞ்சம் இறங்கியது. எதிர்ப்பட்டறை நின்றது. பக்கத்துப் பட்டறை நின்றது. தெருக்கோடி வரைக்கும் ஒவ்வொன்றாக அடங்கியது. எங்கோ ஒரு காகம் கரைவது கேட்டது.

“கரண்ட் போயிருச்சு!” என்று தெருவிலிருந்து ஒரு குரல்.

தறி நின்றால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். அந்தத் தெருவில் வேறு அர்த்தம் கிடையாது.

“மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டா! கரண்ட் வாரதுக்குள்ள பாடிரோணும். ம், ஆரம்பிங்க!” என்றாள் மஞ்சுளா.

“ஒத்தநூலு அத்துப்போகும் கும்மியடிங்க,
ஊருநூலு அத்துப்போமோ கும்மியடிங்க...”

கைகள் ஒன்றாக விழுந்தன. வியர்வையை யாரும் துடைக்கவில்லை. ஒரு பாட்டு முடிந்ததும், நிறுத்த வேண்டாம் என்று அக்சிலியா கையைச் சுழற்றினாள். இன்னொன்று பாடினார்கள். அதற்குப் பிறகும் ஒன்று.

காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு அவள் தலையசைத்ததும் அறையே ஆர்ப்பரித்தது.

“கரண்ட் ஆபீசுக்காரங்க நல்லா இருக்கோணும்!” என்றாள் அனிதா.

“மாரியப்பண்ணனுக்குக் கரண்ட் ஆபீசு எவ்வளவோ தேவலை” என்றாள் மஞ்சுளா.

அக்சிலியா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். தெருவின் இரண்டு ஓரத்திலும் தறி ஓட்டுகிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர்கூடப் பேசவில்லை. நடுத்தெருவில் மாரியப்பன் நின்றுகொண்டிருந்தார்.

“முடிஞ்சுதா அம்மிணி?”

“முடிஞ்சுதுங்க. நீங்க நிறுத்தலேன்னாலும் கடவுள் நிறுத்திட்டார்.” சொல்லாமல் போக அவளுக்கு மனம் வரவில்லை.

“ஆமாமா. நேரங்கெட்ட நேரத்துல புடுங்கி உட்டர்றாங்க. இந்தக் கரண்டை நம்பி எப்படிங்க தொழில் பண்றது?” என்று முணுமுணுத்தபடி மாரியப்பன் தன் பட்டறைக்குள் போனார்.

உள்ளே, நின்றிருந்த தறிகளுக்கு மேலே, டியூப்லைட்டுகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன.