சுக்கானின் கனம்

அவள் தலையைத் திருப்பியபோது அவன் படகில் இல்லை.

விளிம்புப் பலகையில் தோள் மோதிய சத்தம் மட்டும் காதில் நின்றது.

“இத ஒரு நிமிசம் புடி” என்று சுக்கான் கட்டையை அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் இன்னாசி எழுந்தான். பாயின் கயிற்றை இன்னும் இழுத்து, முளையில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டான். கச்சான் காற்று மேற்கிலிருந்து ஓங்கி அறைந்தது. ஈர நண்டுவலையில் அவன் கால் வழுக்கியது.

அவ்வளவுதான்.

பதினெட்டு வருடம் கூட வாழ்ந்த மனிதன். கண் சிமிட்டுவதற்குள் இல்லை.

அவளுக்குக் கத்த வரவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது. உப்புத் தண்ணீர் உள்ளே போனது.

பிறகு கண்ணில் பட்டான். பின்னால், காற்று போகிற பக்கம், ஒரு தலை. ஒரு கை. இன்னொரு கை மேலே வரவே இல்லை.

படகு ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அலைக்கும் அந்தத் தலை சிறுத்தது.

திருப்ப வேண்டும். காற்றோடு இறக்கி, ஒரு வட்டம் அடித்து, அவனிடம் போக வேண்டும். அது அவளுக்குத் தெரியும். முன்பலகையில் உட்கார்ந்து வலை இழுத்துக்கொண்டே, தண்ணீர் இறைத்துக்கொண்டே ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். சுக்கானை மட்டும் இன்றைக்கு முன் அவன் கொடுத்ததில்லை.

கட்டையைத் தன் பக்கம் இழுத்தாள்.

படகு கேட்கவில்லை.

பாய் புடைத்து, படகு ஒருக்களித்து, ஒரு பக்க விளிம்பு தண்ணீரை அள்ளிக்கொண்டே ஓடியது. மூக்கு காற்றை எதிர்த்தே ஏறியது. அவன் கிடந்த பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம்.

இரண்டு கையாலும் இழுத்தாள். எதிர்ப் பலகையில் காலை உதைத்து, மல்லாந்து இழுத்தாள். கட்டை விலாவில் குத்தியது.

“இழுடி! கட்டைய இழு!”

அவன் குரலா அது? யாரோ சின்னப் பிள்ளை கத்துவதுபோல் இருந்தது.

அவள் குனிந்து பின்னால் பார்த்தாள்.

சுக்கான் பலகை பாதிக்கு மேல் தண்ணீருக்கு வெளியே நின்றது. வெறும் காற்றை அளைந்துகொண்டிருந்தது.

படகு சாய்ந்து கிடக்கிறவரை அது உள்ளே இறங்காது. பாயை இப்படி இறுக்கிக் கட்டியிருக்கிறவரை படகு நிமிராது.

யாரும் சொல்லித் தந்ததில்லை. கண்ணுக்குத் தெரிந்தது.

கயிற்றை விட்டால் கவிழ்ந்துவிடுவோம் என்பான் இன்னாசி. காற்று பலக்கும்போதெல்லாம் அதைத்தான் சொல்வான். இறுக்குவான். இன்னும் இறுக்குவான். அவளும் சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

முடிச்சு ஈரத்தில் இறுகிக் கிடந்தது. நகம் பிய்ந்தது. வலை அறுக்கிற கத்தியை எடுத்தாள்.

ஒரே இழுப்பு.

பாய் படபடவென்று அடித்துக்கொண்டு வெளியே பறந்தது. ஓடிய கயிற்றின் நுனியை எட்டிப் பிடித்தாள். கவிழப்போகிறோம் என்று கண்ணை மூடினாள்.

படகு நிமிர்ந்து உட்கார்ந்தது.

சுக்கான் தண்ணீரைப் பிடித்தது. கட்டை அவள் கையில் லேசாகிவிட்டது. குழந்தையின் கையைப் பிடித்ததுபோல. ஒரு கை போதும். இரண்டு விரல்கூடப் போதும்.

இவ்வளவுதானா?

அலைக்கு நடுவே, அவன் செத்துக்கொண்டிருக்கும்போது, அவள் வாய்விட்டுக் கேட்டாள். “இவ்வளவுதானா?”

படகு காற்றோடு இறங்கித் திரும்பியது. பாய் தலைக்கு மேல் சடாரென்று பக்கம் மாறியது. குனிந்துகொண்டாள். அவனைத் தாண்டிப் போய் மூக்கைக் காற்றுக்குத் திருப்பி, கயிற்றை முழுக்க விட்டாள். படகு அவன் பக்கத்தில் போய் நின்றது.

முதலில் தலைமுடி. பிறகு கைலிக்கு மேலே கட்டியிருந்த பெல்ட். எப்படி ஏற்றினாள் என்று அவளுக்கே தெரியாது.

அவன் வலைமேல் கிடந்து கடலைக் கக்கினான். கண்ணைத் திறந்தான். பாயைப் பார்த்தான். முளையைப் பார்த்தான்.

“கயித்த அறுத்துட்டியா?”

கரைவரை அவளே ஓட்டினாள். காற்று அடித்தபோதெல்லாம் கயிற்றைக் கொஞ்சம் விட்டாள். விட்டபோதெல்லாம் படகு சொன்னபடி கேட்டது.

கரையில் ஆட்கள் தண்ணீருக்குள் ஓடிவந்தார்கள். அவனுடைய அண்ணன் சூசை தாங்கிப் பிடித்தார்.

“என்னடா ஆச்சு?”

“விழுந்துட்டேண்ணே. நல்ல நேரம், கயிறு தானா அறுந்துருச்சு. படகு நின்னுச்சு. நீந்தி வந்து ஏறிட்டேன்.”

சூசை கயிற்று நுனியைக் கையில் எடுத்தார். கத்தி பட்ட வெட்டு. அவனுடைய தொங்கும் கையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கயிற்றைக் கீழே போட்டார்.

அவள் படகிலிருந்து இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அவன் தோள் கூடி வர மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை படகு மணலில் கிடந்தது.

நான்காவது வாரம், விடிந்ததும் அவன் கரைக்கு வந்தான்.

படகு ஏற்கெனவே தண்ணீரில் நின்றது. பாய் கட்டியிருந்தது. அவள் பின்பலகையில், சுக்கான் கட்டையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். புதுக் கயிறு முளையில் சுற்றப்படாமல் அவள் மடியில் கிடந்தது.

இடுப்பளவுத் தண்ணீரில் வந்து நின்றான். அவள் நகரவில்லை.

கரையில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“முன்னால ஏறுங்க” என்றாள். “காத்து கூடுது.”