பெண்கள் பெஞ்சு

வகுப்பு தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் இப்படி ஒரு வம்பு. பிரின்ஸிபால் சேஷகிரி ராவ் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். ஊரோடு சண்டை போட்டு இந்த வருஷம்தான் கல்லூரியில் பெண்களைச் சேர்த்திருந்தார். விஷயம் மயிலாப்பூர் மாட வீதிக்குப் போனால், நாளைக்கே அத்தனை பெண்களும் நின்றுவிடுவார்கள்.

எதிரே, யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறிப் படிக்க வந்த அருளம்பலம் நின்றான்.

"வகுப்பில் அந்தப் பெண் பூமணி மயங்கி விழுந்தால் லெக்சரர் ஆயாவைக் கூப்பிடுவார். நீ ஏன் ஓடிப்போய்த் தூக்கினாய்?"

"ஆயா வருமட்டும் அவ தரையில கிடக்கிறதோ, சேர்?"

"மடியில் சாய்த்து முகத்தைத் துடைத்தாயாமே! ஒரே ஊர்க்காரி என்றால் தொட்டுவிடலாமா?"

ராவ் மேஜையைத் தட்டினார்.

"முதல் நாளிலிருந்தே பெண்கள் பெஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாயாம். இன்றைக்கே போட் மெயில் ரயிலில் ஊருக்குக் கிளம்பு!"

"போறன், சேர். ஆனா அவவும் வருவா."

ராவ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "என்ன துணிச்சல்! அவள் உனக்கு யார்?"

"என்ர பெண்சாதி, சேர். இது மூண்டாம் மாசம். அதுதான் மயக்கம்."

"ரிஜிஸ்தரில் மிஸ் பூமணி என்றல்லவா இருக்கிறது?"

"படிக்க வந்த பெண் எண்டால் மிஸ்தான் எண்டு குமாஸ்தாவே எழுதிப்போட்டார்."

ராவ் பொத்தென்று உட்கார்ந்தார். "அட பாவி, முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?"

"முதல் நாள்தானே, சேர், நீங்கள் சொன்னீங்கள்... பெண்பிள்ளையளைப் பற்றி இஞ்ச ஒருத்தரும் வாயே திறக்கக் கூடாதெண்டு!"